கவுன்சிலர் கொண்டுவந்த சட்டம் உங்கள் பக்கம்தான், இன்வாய்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்

கேள்வி (சுருக்கியிருக்கிறேன்): நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் இருக்கிறேன், எச்-4 விசா (கணவருடைய எச்-1பி வேலை விசாவைச் சார்ந்தது). ஓர் உணவக நிறுவனத்துக்கு ஃப்ரீலான்ஸாக வலைத்தளமும் மெனு டிசைனும் செய்துகொடுத்தேன். முதலாளி தமிழர், கோயிலில் பழக்கமானவர் என்பதால் எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். மூன்று மாதத்தில் 12 இன்வாய்ஸ், ஒவ்வொன்றும் 600 டாலர், மொத்தம் 7,200. முடித்துக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது, ஒரு டாலர் வரவில்லை. டிசைன் பிடிக்கவில்லை என்கிறார், ஆனால் அதையேதான் கடையில் மாட்டியிருக்கிறார். நாலு பேர் முன்னால் என்னைக் கேவலமாகவும் பேசினார். போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது: "4,500 வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமையே செக். இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம்." ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பதைத் தடுக்கும் நகரச் சட்டம் (ஃப்ரீலான்ஸ் இஸன்ட் ஃப்ரீ ஆக்ட்) இருக்கிறதே, அதைக் கொண்டுவந்த கவுன்சிலர் பிராட் லேண்டருக்கே எழுதிவிடலாமா? இன்னொன்று, வேலைக்கு நடுவே ஐந்து வாரம் என் வொர்க் பெர்மிட் காலாவதியாகி, புது அட்டை வராமல் இருந்தது. அந்த வாரங்களின் இன்வாய்ஸை மட்டும் கணவர் பெயருக்கு மாற்றிவிடு என்கிறார்கள். செய்யலாமா?

பதில்:

நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைப் பற்றித்தான். வலிக்கும், தெரியும். ஆனால் கோயிலில் அவர் பேசியதும், நம்ம ஆளே இப்படிச் செய்துவிட்டாரே என்கிற ஆதங்கமும் இந்த வழக்கில் ஒரு வரிகூட ஆகாது. டிசைன் பிடிக்கவில்லை என்ற பேச்சுக்கும் பெரிய மதிப்பு இல்லை, வாங்கிப் பயன்படுத்திக்கொண்டு இருக்கிறாரே. கடைப் பலகையைத் தேதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் கையில் இருக்கிற பொருள் அந்த ஒரே மின்னஞ்சல்தான். சட்டம் சொல்வது இது: பணம் தரவேண்டிய தேதியை ஒப்பந்தம் சொல்லியிருந்தால் அந்தத் தேதிக்குள், சொல்லாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் தரவேண்டும். வேலை தொடங்கிய பிறகு, "பேசியதைவிடக் குறைத்து வாங்கிக்கொள், அப்போதுதான் நேரத்தில் தருவேன்" என்று நிபந்தனை போடுவதும் தனியாக ஒரு மீறல். அவர் அதைத் தன் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறார். தாமதமாகத் தந்தார் என்று நிரூபிக்க வாட்ஸ்அப்பைத் துழாவ வேண்டும், இதற்கு அந்த ஒரு பக்கம் போதும். அழிக்காதீர்கள், முழுத் தலைப்பு விவரங்களோடு சேமித்து வையுங்கள்.

600 டாலர் துண்டுகளாகப் பிரித்ததால் எழுத்து ஒப்பந்தம் தேவைப்படவில்லை என்று அவருடைய கணக்காளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தவறு. எழுத்தில் இருக்கவேண்டிய வரம்பு 800 டாலர், அதை முந்தைய 120 நாளில் அதே இரண்டு பேருக்குள் நடந்த எல்லா வேலையையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஆனால் ஒப்பந்தம் எழுதாததற்கான இழப்பீடு வெறும் 250 டாலர், அதற்காக மட்டும் வழக்குப் போட்டால் வேலை தொடங்கும் முன்பே நீங்கள் எழுத்தில் கேட்டீர்கள் என்றும் நிரூபிக்க வேண்டும். விட்டுத்தள்ளுங்கள். பணம் தராததற்கு இரட்டிப்பு இழப்பீடும் வக்கீல் செலவும் கிடைக்கும், காலவரம்பு ஆறு வருடம். அதுதான் வழக்கு.

லேண்டருக்கு எழுதுவது பற்றி. அவர் புரூக்ளினின் 39-வது தொகுதி உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த மசோதா இது. 2016 அக்டோபரில் நகர மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது, 2017 மே 15 முதல் அமலில் இருக்கிறது. வேலைக்கு எடுக்கும்போது கடன் வரலாற்றைப் பார்க்கக்கூடாது என்ற 2015 சட்டத்துக்கும், ஆப் மூலம் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் வேண்டும் என்ற 2018 சட்டத்துக்கும் முன்னால் நின்றவர் அவர்தான். ஊழியர் என்ற பட்டியலிலேயே வராதவர்களுக்கு ஒரு நகர மன்றம் இவ்வளவு செய்தது சின்ன விஷயம் இல்லை, அதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர் 2021 முடிவில் மன்றத்தை விட்டுப் போய்விட்டார், இருந்திருந்தாலும் சட்டம் இயற்றுகிறவர் உங்கள் பணத்தை வசூலித்துத் தர முடியாது. நகரத்தின் நுகர்வோர், தொழிலாளர் பாதுகாப்புத் துறைகூட இதில் தீர்ப்புச் சொல்லாது. நீங்கள் புகார் கொடுத்தால் 20 நாளுக்குள் உணவக முதலாளிக்கு ஒரு நோட்டீஸ் போகும், அவருக்குப் பதில் சொல்ல இன்னொரு 20 நாள், வாயைத் திறக்காவிட்டால் பிறகு நீதிமன்றத்தில் அவர் மீறினார் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது அவர் பாடு. இது நல்ல ஆயுதம், பலர் அந்த நோட்டீஸைப் பார்த்ததுமே பணம் தருகிறார்கள். அதையும் தாண்டி வசூலிக்க வேண்டுமென்றால் நீதிமன்றம்தான், வாதி நீங்கள்தான். உங்கள் பெயரில், உங்கள் தேதிகளோடு, உங்கள் கையெழுத்தில். (மாநில அளவிலும் இதேபோன்ற சட்டம் 2024 ஆகஸ்ட் 28 முதல் வந்திருக்கிறது, உங்கள் நிலைமையை அது பெரிதாக மாற்றாது.)

இப்போது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது அதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டம் விசா பார்க்காது. பெர்மிட் இல்லாத வாரத்தில் செய்த வேலைக்கும் கூலி கூலிதான், அதை மறுக்க முதலாளிக்கு உரிமை இல்லை. அவர் குடியேற்றத் துறையிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினால் அது பழிவாங்கல், அதற்கு ஒப்பந்தத் தொகைக்குச் சமமான இழப்பீடு தனியாகக் கேட்கலாம்.

ஆனால் கூலி கேட்கிற மனுவும், நான் இன்ன தேதியில் வேலை செய்தேன் என்று நீங்களே சொல்கிற வாக்குமூலமும் ஒரே காகிதம். நீதிமன்றக் கோப்பு யாரும் பார்க்கக்கூடியது. நாளைக்குக் கிரீன் கார்டு படிவத்தில், அனுமதி இல்லாமல் எப்போதாவது வேலை செய்தீர்களா என்று ஒரு கேள்வி வரும், அதற்கும் நீங்கள்தான் பதில் எழுத வேண்டும். நான் பார்த்தவர்கள் விழுகிற பள்ளம் இங்கேதான் இருக்கிறது. கூலி வழக்கை ஒரு வக்கீலிடமும் விசாவை இன்னொரு வக்கீலிடமும் கொடுத்துவிட்டு, ஒருவர் தாக்கல் செய்தது இன்னொருவருக்குத் தெரியாமலே இருந்துவிடுகிறார்கள். அல்லது வீட்டில் யாரோ நல்லெண்ணத்தில் சொல்ல, இன்வாய்ஸைத் திருத்திவிடுகிறார்கள்.

கணவர் பெயருக்கு மாற்றினால் என்ன ஆகும், யோசியுங்கள். அவர் எச்-1பி. தன் நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. ஐந்து வாரம் உங்கள் மேல் இருந்த பிரச்சினையை, செய்யாத வேலைக்காக அவர் தலையில் தூக்கி வைக்கிறீர்கள், உங்கள் எச்-4 நிற்பதே அவருடைய எச்-1பி மேல்தான். இரண்டாவது, இந்தச் சட்டம் காப்பாற்றுவது வேலை செய்த நபரை. பாதி இன்வாய்ஸ் வேறொருவர் பெயரில் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல், வேலை செய்தது யார், வாதி யார் என்று கேட்டே பாதி வழக்கைக் கழித்துவிடுவார், வாட்ஸ்அப்பில் இருக்கிற பழைய இன்வாய்ஸை எடுத்துக் காட்டி மீதியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவார். மூன்றாவதுதான் கொடுமை. வேலைவாய்ப்பு வழியாகக் கிரீன் கார்டு கேட்கிற குடும்பங்களுக்கு, கடைசியாக முறைப்படி நாட்டுக்குள் நுழைந்த பிறகு நடந்த இப்படிப்பட்ட தவறுகள் மொத்தம் 180 நாளைத் தாண்டாவிட்டால் அதைப் பொருட்படுத்தாமல் விடுகிற பிரிவு ஒன்று இருக்கிறது. ஐந்து வாரம் அதற்குள் அடங்கக்கூடியது. பொய்க்கு அந்தச் சலுகை கிடையாது. குடியேற்றப் பலனுக்காகத் தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் அந்தத் தடை வாழ்நாளுக்கும் நிற்கும். மன்னிக்கக்கூடிய ஐந்து வாரத்தை மறைக்கப் போய், மன்னிக்க முடியாத ஒரு காகிதத்தை உண்டாக்காதீர்கள். தேதியை மாற்றாதீர்கள், பெயரை மாற்றாதீர்கள், பழைய இன்வாய்ஸை அழிக்காதீர்கள்.

அந்த ஐந்து வாரமும் உண்மையிலேயே இடைவெளிதானா என்பதும் எனக்குச் சந்தேகம். புதுப்பிக்க விண்ணப்பித்த தேதி, உங்கள் ஐ-94 (எதுவரை நாட்டில் தங்கலாம் என்ற பதிவு) முடியும் தேதி, அந்த நேரத்தில் நடப்பில் இருந்த தானியங்கி நீட்டிப்பு விதி (புது அட்டை வரும்வரை பழைய பெர்மிட் தானாகவே நீளுமா என்பது), இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் இடைவெளி குறையலாம், இல்லாமலும் போகலாம். இந்த விதிகள் அண்மையில் அடிக்கடி மாறியிருக்கின்றன, அதனால் யாரோ சொன்னதை நம்பாமல் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள். நகரத் துறைக்குப் புகார் அனுப்புவதற்கு முன்னால், பின்னால் இல்லை.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? நான் உங்கள் வக்கீலாக இருந்தால் செட்டில் செய்யத்தான் சொல்வேன். அவர் சொல்கிற 4,500-க்கு இல்லை. ஒரு வக்கீல் மூலம் ஒரு பக்கக் கடிதம் போகட்டும்: அவருடைய மின்னஞ்சல் நகல், சட்டப் பிரிவு, இரட்டிப்பாக்கினால் 14,400, அதற்கு மேல் உங்கள் வக்கீல் செலவும் அவர் தலையில். சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் 10,000 டாலருக்கு மேல் கேட்க முடியாது என்பதால் நீங்கள் அங்கே போகமாட்டீர்கள், பெரிய நீதிமன்றத்துக்கே போவீர்கள் என்பது அவருக்கும் புரியும். 7,200 முழுதாகக் கேளுங்கள், 6,000-க்கு மேல் எது வந்தாலும் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். மீதி 1,200-க்காக உங்கள் வேலைத் தேதிகளை ஒரு நீதிமன்றக் கோப்பில் நீங்களே கொண்டுபோய் வைக்கவேண்டிய அவசியம் இல்லை. அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான், ஆனால் அதற்கான விலையைக் கொடுக்கப்போவது உங்கள் குடும்பம்.

செட்டில்மென்ட் காகிதத்தில் மூன்று விஷயம் பாருங்கள். செக் பாஸாகிப் பணம் வந்த பிறகுதான் ரிலீஸ் (இனி உரிமை கோரமாட்டேன் என்ற உரிமை விடுவிப்பு) செல்லுபடியாகும் என்று இருக்க வேண்டும். வேலை செய்தவர் பெயரும் தேதியும் உண்மைக்கு மாறாக எங்கேயும் இருக்கக்கூடாது, அவர் வக்கீல் வசதிக்காக எழுதிக் கொடுத்தாலும் சரி. உரிமை விடுவிப்பு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் கொடுத்த பிறகு டிசைன் சரியில்லை என்று அவர் உங்கள் மேல் திரும்பலாம்.

இதற்கு நடுவில் 4,500-க்கு ஒரு செக் தபாலில் வந்து, அதில் முழுத் தீர்வு என்று எழுதியிருந்தால் வங்கியில் போடாதீர்கள். மொபைலில் படம் பிடித்து டெபாசிட் செய்வதும் வங்கியில் போடுவதுதான். படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, செக்கை உறையோடு அப்படியே வையுங்கள்.