லாரி வந்து உறிஞ்சியும் நிறைந்துவிடுகிறதா?

கேள்வி: தொண்டி பக்கம் எங்கள் பங்காளிகள் நான்கு வீட்டுக்கும் ஒரே செப்டிக் டேங்க். லாரி வந்து உறிஞ்சிய சில நாட்களிலேயே நிறைந்துவிடுகிறது. புதிதாகக் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அடுத்த முறை உறிஞ்சிய அன்று ராத்திரி நான்கு வீட்டிலும் கழிவறைத் தண்ணீரை நிறுத்திவிட்டு, உள்சுவரில் மட்டம் எங்கே நிற்கிறது என்று மேலே இருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். காலையில் ஏறியிருந்தால் பெரும்பாலும் விரிசல் வழியே நிலத்தடி நீர்தான் உள்ளே வருகிறது. உப்புக் காற்றிலும் உப்பு நீரிலும் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்த தொட்டி என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, புதிதாகவே கட்டுங்கள். மட்டம் ஏறவில்லையா? அப்போது பெரும்பாலும் தொட்டித் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழிதான் அடைத்திருக்கும், தொட்டியில் கை வைக்காதீர்கள்.

நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், ஆழமாகக் குழி தோண்டினால் அது கழிவை வாங்காது. அதற்குப் பதில் மணலும் ஜல்லியும் போட்டு மேடாக வடிகட்டி அமையுங்கள், குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி. பைபர் தொட்டி வாங்கினால் அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதோடு இழுத்துக் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் காலியாக இருக்கும்போது மழைக்காலத்தில் மிதந்து எழும்பும். (செலவைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள், பங்காளிகள் விஷயம்!)

அப்புறம், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் கொல்லும். மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்குவது குற்றமும்கூட.