மகள் ரேடியோ டெஸ்டிங் பக்கம் போகலாமா? தங்கச்சிமடம் தந்தைக்குப் பதில்

கேள்வி: மகள் பி.இ. இசிஇ மூன்றாம் வருஷம் முடிக்கப்போகிறாள். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு 'டிரான்ஸீவர் கேலிபரேஷன், ஏடிசி சாம்பிளிங்' என்று ஒன்றை எடுக்கிறேன் என்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் சாஃப்ட்வேர் பக்கம் போகிறார்கள். பணம் கட்டினால் ப்ராஜெக்டை ரெடியாகவே செய்து தருவார்களாம். நான் படகுத் தொழில். பிள்ளைக்கு என்ன சொல்வது?

ஐயா, தாராளமாக எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் வேண்டவே வேண்டாம். டெஸ்டிங் வேலைக்கு இன்டர்வியூ எடுப்பவர் முதலில் கேட்பதே "இந்த எண் எப்படி வந்தது?" என்றுதான். தானே அளக்காத பிள்ளை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இது என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலக் கூடத்தில் மீனை நிறுக்கும் முன் காலிக் கூடையை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவீர்கள் அல்லவா, ரேடியோவுக்கு அதே காரியத்தைச் செய்வதுதான் கேலிபரேஷன். டிரான்ஸீவர் என்பது சிக்னலை அனுப்பவும் வாங்கவும் செய்கிற ரேடியோ; ஏடிசி சாம்பிளிங் என்பது அந்த சிக்னலைச் சீரான இடைவெளியில் அளந்து எண்ணாக்குவது. போனிலும் வைஃபையிலும் உள்ள ரிசீவர் பெரும்பாலும் சிக்னலை 'ஐ', 'க்யூ' என்று இரண்டு வழியாகப் பிரிக்கும். இரண்டும் ஒரே அளவிலும், ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரி தள்ளியும் இருக்க வேண்டும். அளவில் 1 சதவீதமும் கோணத்தில் 1 டிகிரியும் பிசகினால், தேவையில்லாத நிழல் சிக்னல் உண்மைச் சிக்னலைவிட 40 டெசிபெல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு) மட்டுமே கீழே நிற்கும். அந்தப் பிசகை அளந்து கழிக்க ஆள் வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள சிப் நிறுவனங்களில் வேலிடேஷன், ஆர்எஃப் டெஸ்ட் என்ற பெயரில் இருக்கும் வேலை இதுதான்.

இனி மகளுக்கு.

எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று போதும். அதில் 12 பிட் ஏடிசி மூன்று, எண்ணை மறுபடி அலையாக்கும் டிஏசி சேனல் இரண்டு இருக்கின்றன. டிஏசி இரண்டிலும் ஐ, க்யூ சைன் அலைகளை உருவாக்கி, வயர் வழியாக இரண்டு ஏடிசிக்குக் கொடு. 84 மெகாஹெர்ட்ஸில் ஓடும் டைமரை 84ஆல் வகுத்தால் விநாடிக்குச் சரியாக 10 லட்சம் சாம்பிள் கிடைக்கும். 4096 சாம்பிளுக்குள் 127 முழுச் சுற்று அடங்கும்படி அலையின் டேபிளை எழுது. அப்போது அலை 31,006 ஹெர்ட்ஸ் சுமாருக்கு வரும். டிஏசியும் ஏடிசியும் ஒரே கிளாக்கில் ஓடுவதால் சுற்று பாதியில் அறுபடாது, எஃப்எஃப்டியில் (அலையை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) கசிவும் வராது. ஏன் 127 என்று கேட்பார்கள். அது ஒற்றைப்படை எண் என்பதால் ஒவ்வொரு சாம்பிளும் அலையின் வேறு வேறு இடத்தில் விழும். 128 வைத்தால் அதே 32 இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

முக்கால்வாசிப் பேர் சறுக்குவது சாம்பிள் எடுக்கும் நேரத்தில்தான். ஒரே ஏடிசியை வைத்து முதலில் ஐ, பிறகு க்யூ என்று எடுத்தால் இரண்டுக்கும் நடுவே 1 மைக்ரோவிநாடி இடைவெளி விழலாம். 31 கிலோஹெர்ட்ஸில் அது 11 டிகிரி. ரேடியோ ஒழுங்காகவே இருக்கும், ஆனால் நிழல் 20 டெசிபெல்தான் கீழே என்று ரிசல்ட் காட்டும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பாய். அதனால் இரண்டு ஏடிசியையும் 'டூயல் சைமல்டேனியஸ்' மோடில் ஒரே கணத்தில் எடுக்க வை. டிரிகர் டைமரிலிருந்து வரட்டும், டேட்டாவை டிஎம்ஏ (ப்ராசஸரைத் தொடாமல் டேட்டாவை நகர்த்தும் பகுதி) தூக்கட்டும். சாஃப்ட்வேர் லூப்பில் டிலே போட்டு எடுத்தால் சாம்பிள் நேரம் 1 மைக்ரோவிநாடி அளவுக்கு முன்பின் ஆடும். அந்த ஆட்டத்தில் சிக்னல்-இரைச்சல் விகிதம் 14 டெசிபெல்லுக்கு இறங்கிவிடும். 12 பிட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 2 பிட்டை வைத்து வேலை செய்கிற கதை.

அடுத்தது பொறுமை. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) மாற்றிய உடனே சாம்பிள் எடுக்காதே. 1 மைக்ரோஃபாரட் கப்லிங் கெபாசிட்டரும் 10 கிலோஓம் ரெசிஸ்டரும் இருந்தால் டைம் கான்ஸ்டன்ட் 10 மில்லிவிநாடி. 12 பிட் துல்லியத்துக்கு அடங்க அதைப்போல 9 மடங்கு, அதாவது 90 மில்லிவிநாடி வேண்டும். அதுவரை வருவதைத் தூக்கிப் போடு. ரிசீவரை இணைத்தால் ஏஜிசியை (தானியங்கி கெயின் கட்டுப்பாட்டை) அணைத்துவிடு, இல்லையென்றால் நீ அளக்க அளக்க அது கெயினை மாற்றிக்கொண்டே இருக்கும். அலை ஏடிசி வரம்பில் 70, 80 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். டேட்டாவில் 0 அல்லது 4095 ஒரு தடவை வந்தாலும் அந்த செட்டையே ஒதுக்கு.

கணக்கு சுலபம். சராசரி எடுத்தால் டிசி ஆஃப்செட் (அலையின் நடு பூஜ்யத்திலிருந்து விலகி நிற்கும் அளவு), முதலில் அதைக் கழி. மீதியில் ஐ, க்யூ ஆர்எம்எஸ் (வர்க்க சராசரியின் வர்க்கமூலம்) விகிதம் கெயின் பிசகு. இரண்டையும் பெருக்கி எடுத்த சராசரியை இரண்டு ஆர்எம்எஸ்ஸாலும் வகுத்தால் கோணப் பிசகின் சைன் கிடைக்கும். வரிசையை மாற்றாதே. ஆஃப்செட் ஒட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வரும் இரண்டும் கெடும்.

பிசகு எதுவும் சேர்க்காமல் ஒரு தடவை அளந்து குறித்துக்கொள், அது போர்டின் சொந்தப் பிசகு. பிறகு டேபிளில் வேண்டுமென்றே 5 சதவீத கெயினும் 3 டிகிரியும் சேர். நிழல் சுமார் 29 டெசிபெல் கீழே தெரிய வேண்டும். உன் ப்ரோகிராம் திருத்திய பிறகு அது 50ஐத் தாண்டினால் வேலை முடிந்தது. போர்டு சூடாகி நிலைக்க 20 நிமிஷம் விட்டு அளந்ததையும், உடனே அளந்ததையும் இரண்டு கிராஃபாகப் போடு. நம் ஊர் வெயிலில் அந்த வித்தியாசம் பேச வேண்டிய விஷயம்.

ஐயா, ஒரு எச்சரிக்கை. படகிலுள்ள விஎச்எஃப் செட்டை இந்தப் போர்டில் மாட்ட விட்டுவிடாதீர்கள். 25 வாட் செட்டில் 50 ஓம் லோடுக்கு 50 வோல்ட் உச்சம் வரும், போர்டு தாங்குவது 3.3 வோல்ட். ஆன்டெனா வைத்து லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பிப் பார்ப்பதும் குற்றம். இந்த ப்ராஜெக்டுக்கு வயரே போதும்.

வேலை விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். சாஃப்ட்வேரைப் போல இதற்குக் கூட்டம் கூட்டமாக ஆள் எடுக்க மாட்டார்கள், இடங்கள் குறைவு. ஆனால் சி மொழி, பைத்தான், அளவுக் கருவி மூன்றும் கைவந்த பிள்ளைக்கு எம்பெடட் சாஃப்ட்வேர் கதவும் திறந்தே இருக்கும். என்பிடெல்லில் (ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளம்) அனலாக், சிக்னல் ப்ராசஸிங் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். கேட் தேர்வில் இசி தாள் எழுதட்டும், எம்.டெக்குக்கும் உதவும். பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்), இஸ்ரோ அறிவிப்புகளை அவற்றின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள், ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்கத் தாமதமானால், என்ஏடிஎஸ் (மத்திய அரசின் அப்ரன்டிஸ் திட்டம்) போர்டலில் பதிந்து உதவித்தொகையோடு ஒரு வருஷ அப்ரன்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே ரெஸ்யூமேயில் "கேலிபரேஷன் செய்தேன்" என்று எழுத வேண்டாம். "29 டெசிபெல் கீழே இருந்த நிழல் சிக்னல் இத்தனை டெசிபெல் கீழே இறங்கியது" என்று அவள் அளந்த எண்ணை எழுதட்டும்.