ஆஸ்திரேலியச் சிறையில் தம்பி மகன்: அப்பீலுக்கு வழி உண்டா?

கேள்வி: மெல்பர்னில் வேலை பார்த்துவந்த என் தம்பி மகனுக்கு, அடிதடி வழக்கொன்றில் ஜூரிகள் குற்றவாளி என்று சொன்னதன்பேரில், அங்குள்ள கவுண்டி நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்து இரண்டு வாரமாகிறது. சம்பவத்தன்று உடனிருந்த நண்பர் இப்போது சாட்சி சொல்ல முன்வருகிறார். ஐந்து மா நிலத்தை விற்றாவது அப்பீல் செய்ய நினைக்கிறோம். அதுவரை ஜாமீன் கிடைக்குமா?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: நிலத்துக்கு விலை பேசும் முன் நாட்களை எண்ணுங்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில், குற்றத்தீர்ப்பை எதிர்ப்பதானாலும் தண்டனையின் அளவை எதிர்ப்பதானாலும், தண்டனை விதித்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் மாநில சுப்ரீம் கோர்ட்டின் மேல்முறையீட்டுப் பிரிவில், அப்பீல் செய்ய அனுமதி கேட்கும் மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும். கெடு தவறினால் தாமதத்துக்குக் காரணம் காட்டி அவகாசம் கேட்கலாம். கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை.

அப்பீல் என்பது வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்துவதன்று. சாட்சியங்களின்படி ஜூரிகளின் முடிவு நியாயமாக எட்டக்கூடியதன்று என்றோ, விசாரணையில் நேர்ந்த பிழையாலோ வேறு காரணத்தாலோ கணிசமான அநீதி விளைந்தது என்றோ காட்ட வேண்டும். சிறுவர் பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட கத்தோலிக்கக் கர்தினால் ஜார்ஜ் பெல்லின் வழக்கில் மாநில மேல்முறையீட்டு நீதிபதிகள் இருவர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் தீர்ப்பளிக்க, நாட்டின் தலைமை நீதிமன்றமான ஹை கோர்ட் 2020 ஏப்ரலில் ஏழு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் அவரை விடுவித்தது. அப்படி நடப்பது அபூர்வம். நண்பரின் சாட்சியத்தைப் பெரிதும் நம்பியிருக்காதீர்கள். முயன்றிருந்தால் விசாரணையின்போதே அவரைக் கூண்டில் ஏற்றியிருக்கலாமே என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர் சொல்வது தம்பி மகன் நிரபராதி என்பதையே நிலைநாட்டும் அளவுக்கு வலுவானதானால் மட்டுமே நிலைமை மாறும்.

தண்டனைக் குறைப்புக்கு, அது அதிகம் என்று நமக்குத் தோன்றுவது போதாது. நீதிபதி சட்டத்தில் பிழை செய்திருக்க வேண்டும், அல்லது தண்டனை வெளிப்படையாகவே மிகையாக இருக்க வேண்டும். அந்த மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி எண்ணினால் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்பது சட்டம்.

திருவாரூரில் தண்டனை பெற்றவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுப்பதைப் பார்த்துப் பழகிய நாம் அங்கேயும் அதை எதிர்பார்க்கக் கூடாது; விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழியக் கிடைக்காது. திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்கும் மனுவும் அந்த நீதிமன்றத்தை அசைக்காது.

முதல் வேலையாக, தண்டனை விதித்தபோது நீதிபதி கூறிய காரணங்களின் எழுத்துப் பிரதியையும், ஜூரிகளுக்கு அவர் அளித்த விளக்கத்தின் பிரதியையும் பெற்று, குற்றவியல் அப்பீலில் தேர்ந்த பாரிஸ்டர் ஒருவரிடம் வாதக் காரணம் இருக்கிறதா என்று எழுத்தில் கருத்துக் கேளுங்கள். விக்டோரியா சட்ட உதவி அமைப்பிலும் விண்ணப்பிக்கலாம். வழக்கில் வலு இருக்கிறதா என்று பார்த்துத்தான் உதவுவார்கள். முன்பணம் கேட்டு நச்சரிக்கும் உள்ளூர் இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. அவர் இன்னும் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெறாதவரானால், பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரின் விசாவை 1958-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 501-ஆவது பிரிவு கட்டாயமாக ரத்து செய்யச் சொல்கிறது. அந்த ரத்தை நீக்கக் கோர வேறொரு 28 நாள் கெடு இருக்கிறது. விசா ரத்தைத் தெரிவிக்கும் கடிதம் மன்னார்குடிக்கு வராது, சிறையில் அவர் கைக்கே போகும். ஆகவே ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அது வந்ததா என்று அவரைக் கேளுங்கள்.