ஓய்வுக்குப் பிறகு பிரான்ஸின் சாந்த்-எத்தியேனில் குடியேறலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது, மனைவிக்கு 54. கோவையில் இருக்கிறோம். தனியார் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றுவிட்டேன், ஓய்வூதியம் கிடையாது. இரண்டு வீடுகளிலிருந்து மாதம் ரூ.62,000 வாடகை வருகிறது. எல்லாம் என் பெயரில்தான்: வங்கி டெபாசிட் ரூ.90 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் ரூ.60 லட்சம், ஒரு மனை ரூ.45 லட்சம் போகும். ஒரே மகள் லியோனில் வேலை பார்க்கிறாள். லியோன் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்தில் உள்ள சாந்த்-எத்தியேனில் 55,000 யூரோவுக்கே ஃபிளாட் கிடைக்கிறது என்கிறாள். மனையை விற்று அதை வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாமா?

பதில்: ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்கப் போகலாம். ஃபிளாட் வாங்கக் கூடாது. நிரந்தரமாகத் தங்குவதற்கு இப்போதைய வருமானம் போதாது. எவ்வளவு குறைகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ஊர்த் தேர்வில் மகளைக் குறை சொல்ல முடியாது. நிலக்கரிச் சுரங்கம், ஆயுதத் தொழிற்சாலை, சைக்கிள் உற்பத்தி என்று வாழ்ந்த ஊர் அது. அந்தத் தொழில்கள் நசிந்து மக்கள் வெளியேறியதால் வீடுகள் மிஞ்சின, விலை இறங்கியது. லியோனுக்கு ரயிலில் ஏறக்குறைய 50 நிமிடம். பெரிய அரசு மருத்துவமனை வரை டிராம் போகிறது (1881 முதல் டிராமை நிறுத்தாமல் ஓட்டிவரும் ஊர்). கார் இல்லாமல் வாழலாம். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்காலம் கடுமை; கோவைக் குளிரை வைத்து மதிப்பிட வேண்டாம், ஹீட்டிங் செலவு அங்கே தனித் தலைப்பு.

இனி கணக்கு. யூரோவுக்கு 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். வாடகை ரூ.62,000-ல் ஒரு மாதக் காலி, பராமரிப்பு, சொத்து வரி போக ரூ.54,000 நிற்கும். டெபாசிட் 7 சதவீதத்தில் ரூ.52,500. மொத்தம் ரூ.1,06,500.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ரூ.12 லட்சம் வரை வரி இல்லை என்ற புதிய வருமான வரி முறைச் சலுகை, இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும் தரப்படும் தள்ளுபடி. என்ஆர்ஐ ஆனதும் அது போய்விடும். வாடகையில் 30 சதவீதக் கழிவு போக உங்கள் வரிக்குரிய வருமானம் சுமார் ரூ.11.5 லட்சம். இன்று வரி பூஜ்யம். என்ஆர்ஐ ஆனால் சுமார் ரூ.57,000. அது போகக் கையில் மாதம் ரூ.1,01,700, அதாவது ஏறத்தாழ 970 யூரோ. பிரான்ஸில் வரி வசிப்பாளர் ஆனதும் உங்கள் இந்திய வட்டிக்கு அங்கே 12.8 சதவீத வருமான வரி உண்டு. இந்தியாவில் கட்டிய வரி அதில் கழிக்கப்படும். அதற்கு மேல் வரும் 18 சதவீதத்தை ஒட்டிய சமூகப் பங்களிப்பு தனிச் செலவு. மாதம் 90 யூரோ அதற்குப் போனால் மிச்சம் 880.

மனையை விற்று, வரி போக ரூ.40 லட்சத்தை டெபாசிட்டில் போட்டால், வட்டிக்கான வரிக்கு முன் இன்னும் 220 யூரோ. ஃபண்டிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் 190. அதற்கு மேல் எடுக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவிக்கு இன்னும் 30 வருடம் பணம் வேண்டும். ஆக அதிகபட்சம் 1,290 யூரோ.

செலவுப் பக்கம்: சாமான்களோடு கூடிய, ஒரு படுக்கையறையும் ஹாலும் உள்ள 50 சதுர மீட்டர் ஃபிளாட், பொதுச் செலவு சேர்த்து 550 யூரோ. மின்சாரம், எரிவாயு ஆண்டுச் சராசரியில் 130. இணையம், இரண்டு மொபைல் 50. மளிகை, காய்கறி 430. மருத்துவக் காப்பீடு 170. டிராம், லியோன் ரயில் 100. வீட்டுக் காப்பீடு, துணிமணி, மருந்து, சில்லறை 150. வருடம் ஒருமுறை இருவர் ஊருக்கு வந்துபோக மாதம் 140 ஒதுக்குங்கள். மொத்தம் 1,720 யூரோ. வெளியில் சாப்பிடுவதை இதில் சேர்க்கவே இல்லை.

மாதம் 430 யூரோ இடிக்கிறது. ஆண்டுக்கு ரூ.5.4 லட்சம். இதுவும் யூரோ 105 ரூபாயிலேயே நின்றால். 2015-ல் யூரோ சுமார் 70 ரூபாய்; 2025-ல் 100-ஐத் தாண்டியது. கோவை வாடகை ஏறினாலும், ரூபாய் இறங்கும் வேகம் அந்த ஏற்றத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். டெபாசிட் வட்டிக்கோ ஏற்றமே கிடையாது.

அப்படியானால் ஃபிளாட் வாங்கினால் வாடகையாவது மிச்சமாகுமே என்று தோன்றும். 55,000 யூரோ விலைக்கு மேல் நோட்டரி செலவு (பதிவு வரியும் இதில் அடங்கும்) சுமார் 8 சதவீதம் சேர்த்தால் ரூ.62 லட்சம். மனை விலை போதாது, டெபாசிட்டையும் உடைக்க வேண்டும். அந்த ரூ.62 லட்சம் மாதம் தரும் வட்டி சுமார் 345 யூரோ. ஃபிளாட் மிச்சப்படுத்தும் வாடகை, பொதுச் செலவு நீங்கலாக, 480. அதில் உரிமையாளர் கட்டும் நில வரிக்கு மாதம் 90, வாடகைக்காரரிடம் வசூலிக்க முடியாத கட்டடச் செலவுக்கு 50 கழித்தால் 340. வரவும் செலவும் சரி. கூரையோ முகப்போ பழுது பார்க்கக் கட்டடச் சங்கம் முடிவெடுத்தால் உங்கள் பங்கு சில ஆயிரம் யூரோவாக வந்து நிற்கும். மலிவான பழைய கட்டடங்களில் அது வராமல் இருப்பதுதான் அதிசயம். ஆற்றல் தர மதிப்பீட்டில் கடைசித் தரமான 'ஜி' வாங்கிய வீட்டை 2025 ஜனவரி முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது; 'எஃப்' வீட்டுக்கு 2028 முதல் அதே கதி. நீங்கள் திரும்பி வர நினைக்கும்போது விற்கவும் முடியாமல், வாடகைக்கு விடவும் முடியாமல் நிற்கும். அந்த ஊருக்கே உரிய இன்னொரு விஷயம், பழைய சுரங்கங்கள். சில பகுதிகளில் நிலம் அமுங்கும் அபாயம் இருப்பதாக வரைபடமே உண்டு. விற்பவர் தர வேண்டிய அபாய அறிக்கையில் அது இருக்கும். பின்னாளில் வாங்குவதென்றால் அந்த அறிக்கையையும் கட்டடச் சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முன் ஒப்பந்தத்துக்குப் பிறகு மனம் மாற 10 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு.

பணத்தை அனுப்புவதிலும் சிக்கல் இருக்கிறது. வசிப்பாளராக இருக்கும்போது அனுப்பினால் ஒருவருக்கு நிதியாண்டில் ரூ.10 லட்சத்துக்கு மேல் போகும் தொகையில் 20 சதவீதம் டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். நீங்களும் மனைவியும் தலா ரூ.31 லட்சம் அனுப்பினால் ரூ.8.4 லட்சம் முடங்கும். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்தான், ஆனால் குடியேறும் வருடத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது.

ஆகவே ஒரு வருடச் சோதனை. அதற்குக் கிளம்பும் தேதியே முக்கியம். வேலைக்காக அல்லாமல் வெளிநாடு போகிறவர், அந்த நிதியாண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இந்தியாவில் இருந்திருந்தால் வருமான வரிக்கு இந்திய வசிப்பாளரே. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் மே கடைசியில் 60 நாள் முடிகிறது. ஜூனில் கிளம்புங்கள். அந்த நிதியாண்டின் மொத்த வருமானம், மனை விற்ற லாபமும் சேர்த்து, ரூ.12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தள்ளுபடி நிலைக்கும். மனையைக் கிளம்புவதற்கு முன் விற்றுவிடுங்கள். என்ஆர்ஐ விற்றால் வாங்குபவர் 12.5 சதவீதமும் அதற்கு மேலும் விற்பனைத் தொகையில் பிடிக்க வேண்டியிருக்கும், நல்ல பார்ட்டிகள் அதற்குப் பயந்தே ஒதுங்குவார்கள்.

அந்நியச் செலாவணிச் சட்டப்படியோ கிளம்பியதும் நீங்கள் என்ஆர்ஐ. சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (என்ஆர்ஐ தன் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) ஆக மாற்ற வேண்டும். அடுத்த ஏப்ரலிலிருந்து வட்டியிலும் வாடகையிலும் 31.2 சதவீதம் டிடிஎஸ் (கைக்கு வருமுன்பே பிடிக்கும் வரி). ஆம், வாடகையிலும்தான்; உங்கள் வாடகைக்காரர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வாங்கி மாதாமாதம் பிடித்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நோட்டீஸ் அவருக்கு வரும். உங்கள் கணக்கில் ஆண்டுக்கு ரூ.4.29 லட்சம் பிடிபடும், உண்மையான வரியோ ரூ.57,000. அதாவது மாதம் 295 யூரோ வராமல் ரீஃபண்டுக்காகக் காத்திருக்கும். இதைத் தவிர்க்க, வருமான வரி அதிகாரியிடம் குறைந்த பிடித்தச் சான்றுக்கு நிதியாண்டு தொடங்கியதுமே விண்ணப்பியுங்கள். வட்டிக்கு இந்திய-பிரான்ஸ் வரி ஒப்பந்தப்படி 10 சதவீதமே போதும். ஆனால் பிரான்ஸ் வரித்துறையின் வசிப்பிடச் சான்று வேண்டும், அது அங்கே முதல் ரிட்டர்ன் போட்ட பிறகுதான் நடைமுறையில் கிடைக்கும்.

பிரான்ஸ் ரிட்டர்னில் உங்கள் இந்தியக் கணக்குகள் ஒவ்வொன்றையும் 3916 படிவத்தில் சொல்ல வேண்டும். விட்டுப்போன கணக்கு ஒவ்வொன்றுக்கும் 1,500 யூரோ அபராதம். ஐந்தாறு வங்கிகளில் சிதறிக் கிடக்கும் கணக்குகளைக் கிளம்புமுன் இரண்டாகக் குறைத்துவிடுங்கள். என்ஆர்இ (வெளிநாட்டுப் பணத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஐ கணக்கு) டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில்தான் வரி இல்லை, அங்கே உண்டு. பிபிஎஃப் வட்டியும் அப்படியே.

விசா 'விசிட்டர்' வகை நீண்டகால விசா. கட்டணம் 99 யூரோ. வேலை செய்ய மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். அங்குள்ள குறைந்தபட்சச் சம்பளத்தின் நிகரத் தொகையை, 2025-ல் அது மாதம் 1,430 யூரோவை ஒட்டி இருந்தது, அளவுகோலாகப் பார்ப்பார்கள். தம்பதிக்கு அதைவிடக் கூடுதலாகக் காட்டுவது நல்லது. உங்கள் மாத வருமானம் அதைத் தொடாது. எனவே வாடகை ஒப்பந்தங்கள், வட்டிச் சான்றோடு மனை விற்ற பணம் இருக்கும் கணக்கின் ஸ்டேட்மென்ட்டையும், மகளின் தங்குமிட உறுதிக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு வருடத்துக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏற்கெனவே இருந்தால் இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் அவற்றை விலக்கிவிடும். மருந்துச் செலவு கைக்காசுதான். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்தி முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும், அது ஆளுக்குச் சில நூறு யூரோ. மறந்தால் சட்டப்படி அங்கே இருக்க முடியாது. மூன்று மாதம் தங்கியதும் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மனுப் போடலாம், ஆனால் அட்டை கைக்கு வர மாதக்கணக்காகும். முதல் வருடம் அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே இரண்டு தடைகள். ஒன்று பிறப்புச் சான்று. 1960-களில் பிறந்த பலரிடம் அது இல்லை, எஸ்எஸ்எல்சி புத்தகத்தை வைத்தே காலம் தள்ளியிருப்போம். பிரான்ஸில் அது செல்லாது. தாமதப் பதிவுக்கு ஆறு மாதம் முன்பே அலையத் தொடங்குங்கள். பிறகு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் முத்திரைச் சான்று), பிறகு பிரான்ஸில் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சு ஆக்கம். திருமணச் சான்றுக்கும் இதேதான். இன்னொன்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் வங்கி ஒரு மாதிரி, காப்பீட்டு அலுவலகம் ஒரு மாதிரி, மாவட்ட ஆட்சியகம் ஒரு மாதிரி எழுதிவைக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் வருடம் ஓடிவிடும். விசாவுக்கு முன் பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டமும் நிரம்பிய பாஸ்போர்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், அதே வடிவத்தில் பான், வங்கிக் கணக்கையும்.

வீடு பிடிக்கும்போது, வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானமும் பிரான்ஸ் வரி ஆவணமும் கேட்பார்கள். உங்களிடம் இரண்டும் இருக்காது. மகள் ஜாமீன் நின்றால்தான் நடக்கும். சாமான்களோடு கூடிய வீட்டையே எடுங்கள்: முன்பணம் அதிகபட்சம் இரண்டு மாதம், காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் போதும். வெறும் வீடென்றால் பொதுவாக மூன்று மாத நோட்டீஸ். முன்பணம், ஏஜென்சிக் கட்டணம், காப்பீடு, விசா, பயணம் எல்லாம் சேர்த்து தொடக்கச் செலவு 5,000 யூரோவுக்குள் அடங்கும். மாதப் பற்றாக்குறையையும் கூட்டினால் சோதனை வருடத்துக்கு உங்கள் கைமுதலிலிருந்து ரூ.10-11 லட்சம் போகும். மனைப் பணத்தில் அதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மீதியை டெபாசிட் செய்யுங்கள்.

மகள் மாதம் 430 யூரோ தந்தால் நிரந்தரமாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம். தேவையில் இருக்கும் பெற்றோருக்குக் கொடுப்பதை அங்கே வரியில் கழிக்கலாம் என்று யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள், வீடுகள் நீங்கலாகவே ரூ.2 கோடிக்கு நெருக்கமான சொத்துள்ள பெற்றோரைத் 'தேவையில் இருப்பவர்' என்று வரி அதிகாரி ஏற்பது கடினம். கழிவில்லாமலே தர முடியுமா என்று கேளுங்கள், அவளுக்குத் திருமணம், வீட்டுக் கடன் வந்த பிறகும் முடியுமா என்பதையும் சேர்த்து. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க, அது முடிவதற்கு நான்கு மாதம் முதல் இரண்டு மாதம் முன்பு வரை மனுப் போட வேண்டும். ஜூனில் போனால் அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டியது பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், குளிர்காலத்து எரிவாயு பில்லையும் பார்த்த பிறகு.