‘15% டிடிஎஸ் கட்டினால்தான் டோக்கன் பணம் வரும்’ என்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். புதிய கிரிப்டோ டோக்கன், சந்தைக்கு வருவதற்கு முன்பே ‘ப்ரீசேல்’ விலையில் வாங்கலாம், வாங்கிய டோக்கனை ‘ஸ்டேக்’ செய்தால் (விற்காமல் பூட்டி வைத்தால்) மாதம் 8% நிச்சயம் என்றார்கள். நான்கு தவணையில் ரூ.3,60,000 போட்டேன். முதல் இரண்டு தவணை (ரூ.1,60,000) குழுவில் கொடுத்த வங்கிக் கணக்குகளுக்கு யுபிஐ மூலம் போனது. மீதி ரூ.2,00,000-க்கு ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் பி2பி முறையில், அதாவது இன்னொரு தனிநபரிடமிருந்து, யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ) வாங்கி அவர்கள் தந்த வாலட்டுக்கு அனுப்பினேன். தொடக்கத்தில் ரூ.9,000 எடுத்துப் பார்த்தேன், வந்தது. இப்போது அவர்கள் தளத்தில் என் கணக்கு ரூ.11,40,000 காட்டுகிறது. எடுக்கப் போனால், 15% டிடிஎஸ் ரூ.1,71,000-ஐ முதலில் யுஎஸ்டிடியாகக் கட்டச் சொல்கிறார்கள். கடைசியாகப் பணம் அனுப்பி மூன்று நாள் ஆகிறது. என்னை நம்பி உடன் வேலை செய்யும் இருவர் தலா ஒரு லட்சம் போட்டிருக்கிறார்கள். எனக்கு 5% கமிஷனாக ரூ.10,000 வந்தது. கட்டலாமா? புகார் கொடுத்தால் நானும் மாட்டுவேனா? நண்பர் ஒருவர் வேறொரு ப்ரீசேல் லிங்க் அனுப்பியிருக்கிறார், அதையாவது சரிபார்க்க வழி உண்டா?

பதில்: கட்டாதீர்கள். பிடித்தம் என்றால் என்னவென்று கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்க வேண்டியதில் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதுதான் டிடிஎஸ். வாங்க வேண்டியவரிடமே முன்கூட்டிக் கேட்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. கிரிப்டோ விற்பனைக்கு 2022 ஜூலை 1 முதல் 1% டிடிஎஸ் இருக்கிறது. அதை எக்ஸ்சேஞ்சோ வாங்குபவரோ பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார்கள், வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப் பிடித்த விவரத்தில் தெரியும். லாபத்துக்கான 30% வரியை நீங்களே வருமான வரித் தளத்தில் சலான் எடுத்து ரூபாயில் கட்ட வேண்டும். 15% என்ற விகிதம் இதில் எங்கும் இல்லை, வருமான வரித் துறை யுஎஸ்டிடி வாங்குவதும் இல்லை. இந்த ரூ.1,71,000-ஐக் கட்டினால் அடுத்து ‘வாலட் சரிபார்ப்புக் கட்டணம்’ வரும், அதற்குப் பின் வேறொன்று வரும். ஆனால் அந்த டிடிஎஸ் கேட்ட செய்தியை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் வழக்கில் மோசடி எண்ணத்தை இவ்வளவு நேராகக் காட்டும் காகிதம் வேறு கிடைக்காது.

ரூ.11,40,000 என்பது அவர்கள் தளத்தில் அவர்களே தட்டச்சு செய்த எண். டோக்கன் உண்மையில் உங்களுடையதாக இருந்தால் உங்கள் வாலட் முகவரியைப் பிஎஸ்சிஸ்கேன் அல்லது ஈத்தர்ஸ்கேனில் (கிரிப்டோ பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய பொதுத் தளங்கள்) போட்டதும் தெரியும். ஸ்டேக்கில் வைத்திருப்பதாகச் சொன்னால், எந்த ஒப்பந்த முகவரியில் (டோக்கனை இயக்கும் நிரல் இருக்கும் முகவரி) என்று கேளுங்கள். அந்தப் பரிவர்த்தனையும் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களிடம் டோக்கன் இல்லை. உங்கள் இழப்பு ரூ.11,40,000 அல்ல, ரூ.3,60,000. வந்த ரூ.9,000-ஐயும் சொல்லி, புகாரில் இந்தத் தொகையை எழுதுங்கள். பெரிய எண்ணை எழுதினால் விசாரணை அதிகாரி முதல் கேள்வியிலேயே உங்களை நிறுத்திவிடுவார்.

இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மூன்று நாள் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். வேலை எப்படி நடக்கிறதென்றால், நீங்கள் சொல்லும் யுடிஆர் எண்ணை (பணப் பரிமாற்றக் குறிப்பு எண்) வைத்துப் பணம் முதலில் போன கணக்கையும், அங்கிருந்து பிரிந்துபோன அடுத்தடுத்த கணக்குகளையும் வங்கிகள் தேடும். மிச்சம் இருக்கும் தொகை எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கப்படும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டாலோ யுஎஸ்டிடியாக மாற்றிவிட்டாலோ அந்தக் கிளை அறுந்துபோகும். அழைக்கும் முன் நான்கு தவணைக்கும் தேதி, நேரம், தொகை, யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண், பெற்றவரின் யுபிஐ ஐடி அல்லது கணக்கு எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைத்தபின் வரும் ஒப்புகை எண்ணை வைத்துச் சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் ஆவணங்களையும் ஏற்றுங்கள்.

இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. உங்கள் நான்கு தவணையும் ஒரே வகை அல்ல. முதல் ரூ.1,60,000 நேராக மோசடிக்காரர்கள் காட்டிய கணக்குக்குப் போனது. அந்தக் கணக்குகளை முடக்கச் சொல்வது சரி. ஆனால் ரூ.2,00,000-க்கு பி2பியில் யுஎஸ்டிடி விற்றவர் சொன்னபடி யுஎஸ்டிடியைக் கொடுத்துவிட்டார். அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதினால், ஒன்றும் அறியாத ஒருவரின் கணக்கு முடங்கும், அவர் பதில் புகார் கொடுப்பார், உங்கள் யுஎஸ்டிடி போன வாலட்டை யாரும் பின்தொடர மாட்டார்கள். அந்தத் தவணைகளுக்கு எழுத வேண்டியது இரண்டு: நீங்கள் அனுப்பிய பரிவர்த்தனையின் ஹேஷ் (அதன் அடையாளக் குறியீடு), போய்ச் சேர்ந்த வாலட் முகவரி. யுஎஸ்டிடி ட்ரான் வலைப்பின்னல் வழியாகப் போயிருந்தால் முகவரி ஆங்கில ‘T’ எழுத்தில் தொடங்கும், 34 எழுத்து நீளம். ஈத்தரீயம், பிஎன்பி சங்கிலி என்றால் 42 எழுத்து. கையால் எழுதாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பயனில்லை. அந்த வாலட்டிலிருந்து பணம் ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குள் போயிருந்தால், பிஎன்எஸ்எஸ் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 94-வது பிரிவின் கீழ் காவல்துறை அந்தக் கணக்குக்காரரின் விவரம் கேட்கலாம், 106-வது பிரிவின் கீழ் முடக்கலாம். யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனமும் காவல்துறை கேட்டால் குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் யுஎஸ்டிடியை முடக்க முடியும். தனியார் ‘மீட்பு நிபுணர்’ யாராலும் இது ஆகாது. புகார் கொடுத்த பின் உங்களைத் தேடி அப்படி ஒருவர் வருவார், அவரும் முன்பணம் கேட்பார்.

ஆதாரம் விஷயத்தில் டெலிகிராம் ஆபத்தானது. தனி உரையாடலில் எதிராளி தன் செய்திகளை இரண்டு பக்கமும் அழித்துவிடலாம், பயனர் பெயரையும் மாற்றிவிடலாம். கணினியில் டெலிகிராம் டெஸ்க்டாப் நிறுவி, உரையாடல் முழுவதையும் ‘எக்ஸ்போர்ட்’ செய்யுங்கள். திரைப்பிடிப்பு எடுக்கும்போது இணைய முகவரிப் பட்டையும் தேதியும் தெரிய வேண்டும். நீதிமன்றத்துக்கு வரும்போது பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-ன்படி சான்றிதழ் தேவைப்படும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கப்படும். அதனால் எடுத்த கோப்பைத் திறந்து திருத்தாதீர்கள், அந்தக் கைபேசியை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

எந்தக் காவல் பிரிவு என்பது நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முகம் தெரியாதவர்களின் ஏமாற்று என்றால் மாவட்ட சைபர் கிரைம். பொருந்தும் பிரிவுகள் குற்றவியல் சட்டமான பிஎன்எஸ் 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி. ஆனால் உங்களைச் சேர்த்தவர் உள்ளூர்க்காரர், ‘மாதம் 8% நிச்சயம்’ என்று சொன்னவர். ‘நாங்கள் டோக்கன் விற்றோம், வைப்புத்தொகை வாங்கவில்லை’ என்பதுதான் இதுபோன்ற வழக்கில் எதிர்த்தரப்பின் முதல் வாதம். நிச்சய வருமானமும் குறித்த காலத்தில் திருப்பித் தருவதாக வாக்கும் இருந்தால் அந்த வாதம் பலவீனமாகிறது. அப்போது தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997, அதாவது டிஎன்பிஐடி, பொருந்த வாய்ப்புண்டு. அதைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கும். சொத்தை முடக்கி விற்று முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தரும் வழி அந்தச் சட்டத்தில் இருக்கிறது. சிறப்பு நீதிமன்றங்களில் ஒன்று உங்களுக்குப் பக்கத்தில் கோவையிலேயே இருக்கிறது. ஆகவே 8% வாக்குறுதி வந்த செய்தி, அவர் நடத்திய கூட்டத்தின் படம், காட்டிய ஸ்லைடுகள் எல்லாவற்றையும் புகாரோடு இணையுங்கள். ‘கிரிப்டோவுக்கெல்லாம் கேஸ் கிடையாது’ என்று யாராவது சொன்னால், கிரிப்டோ ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்து என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லைக்கு வெளியே நடந்தது என்று புகாரை மறுக்க முடியாது. பிஎன்எஸ்எஸ் 173 அதற்கு இடம் தரவில்லை. பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

இனி நீங்கள் பயப்படும் விஷயம். கமிஷன் வாங்கியது உங்களுக்குச் சங்கடம்தான், மறைக்காதீர்கள். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் 2019-ன் 5-வது பிரிவு, தெரிந்தே பொய்யான தகவலோ வாக்குறுதியோ சொல்லி இன்னொருவரை அப்படிப்பட்ட திட்டத்தில் சேரத் தூண்டுவதைத் தடை செய்கிறது. ‘தெரிந்தே’ என்ற சொல்தான் உங்கள் பாதுகாப்பு. உங்கள் பணமும் அதே குழியில் போயிருப்பது, சந்தேகம் வந்ததும் நீங்களே முதலில் புகார் கொடுத்தது, கமிஷனை வெளிப்படையாகச் சொன்னது ஆகிய மூன்றும் சேர்ந்து உங்களைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிறுத்தும். அந்த இருவரையும் இன்றே தனித்தனியாகப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். ரூ.10,000-ஐ அவர்களுக்குத் திருப்பித் தர விரும்பினால் வங்கி வழியாகத் தாருங்கள், ரொக்கமாக வேண்டாம். இதற்குமேல் அந்தக் குழுவில் யாரையும் சேர்த்தால் மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடும்.

ரூ.9,000 யாருடைய கணக்கிலிருந்து வந்தது என்று வங்கி அறிக்கையில் பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு தனிநபர் பெயராக இருக்கும். அது உங்களைப்போல ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருக்கலாம். அவர் எந்த மாநிலத்தில் புகார் கொடுத்தாலும், தொடரில் வரும் உங்கள் கணக்கில் கை வைப்பார்கள். புகாரிலேயே அதைக் குறிப்பிட்டு, அந்தத் தொகையைக் கணக்கில் தொடாமல் வையுங்கள். சம்பளம் அந்தக் கணக்கில் வருகிறதென்றால் இந்த மாதம் வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வது நல்லது.

சேர்த்துவிட்டவர் மச்சான் வழியில் சமாதானத்துக்கு வந்தால் பணத்தைக் கணக்கில் வாங்குங்கள். ஆனால் ‘யார் மீதும் புகார் இல்லை’ என்ற தாளில் பணம் முழுதும் வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

நண்பர் அனுப்பிய லிங்குக்கு வருவோம். புதிய டோக்கன் விற்பனைக்கு இந்தியாவில் செபி ஒப்புதல் தருவதில்லை. ‘செபி பதிவு பெற்றது’ என்று போட்டிருந்தால் அங்கேயே மூடிவிடலாம். நிறுவனப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண் எல்லாம் யாரும் எடுக்கலாம். எஃப்ஐயு (நிதிப் புலனாய்வுப் பிரிவு) பதிவு எக்ஸ்சேஞ்சுகளுக்கானது, கறுப்புப் பணத் தடுப்புக்காக 2023 மார்ச்சில் வந்த கடமை. டோக்கன் நல்லது என்று அது சொல்லாது.

லிங்க் வேண்டாம், ஒப்பந்த முகவரியைக் கேளுங்கள். ‘ப்ரீசேல் முடிந்த பிறகுதான் தருவோம்’ என்றால் சரிபார்க்க அங்கே எதுவும் இல்லை. முகவரி கிடைத்தால் பிஎஸ்சிஸ்கேனில் போட்டு ‘கான்ட்ராக்ட்’ தாவலைத் திறங்கள். பச்சை டிக் இல்லையென்றால் நிரல் வெளியிடப்படவில்லை என்று பொருள். இருந்தால் நிரலில் நான்கு சொற்களைத் தேடுங்கள்: ‘மின்ட்’ (உரிமையாளர் நினைத்தபோது டோக்கன் அச்சடிக்கலாம்), ‘பிளாக்லிஸ்ட்’ (உங்கள் முகவரியை மட்டும் விற்க விடாமல் தடுக்கலாம்), ‘பாஸ்’ (pause, எல்லோரையும் நிறுத்தலாம்), ‘ஃபீ’ அல்லது ‘டாக்ஸ்’ (விற்பனைக் கட்டணத்தை மிகப் பெரிய அளவுக்கு ஏற்றலாம்). ‘ப்ராக்ஸி’ என்றிருந்தால் இன்று பார்க்கும் நிரல் நாளை மாறலாம். பிறகு ‘ஹோல்டர்ஸ்’ தாவல்: முதல் பத்து முகவரிகளில் மொத்தத்தில் பாதிக்கு மேல் குவிந்திருக்கிறதா, அவற்றில் எது பணப்புழக்கக் குளம் (டோக்கனை வாங்கி விற்க வைத்திருக்கும் பொதுத் தொகை), எது தனியார் வாலட் என்று பாருங்கள். குளத்துப் பணம் பூட்டப்பட்டிருந்தால் எந்தத் தேதி வரை என்பதைப் பூட்டு ஒப்பந்தத்திலேயே பாருங்கள். ‘ஒரு வருடம் லாக்’ என்ற விளம்பரப் படம் போதாது. தணிக்கை அறிக்கை காட்டினால், தணிக்கை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே முகவரிக்கு அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

சிறு தொகை வாங்கி உடனே விற்றுப் பார்ப்பது உதவும், ஆனால் உங்களுக்கு வந்த ரூ.9,000 போல அதுவும் தூண்டிலாக இருக்கலாம். பிளாக்லிஸ்ட் வசதி இருந்தால் பெரிய தொகை வந்த பின்தான் பூட்டுவார்கள். 2021-ல் ஸ்க்விட் என்ற டோக்கனை வாங்கியவர்கள் பலரால் விற்கவே முடியவில்லை. விலை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. நவம்பர் 1 அன்று 2,800 டாலரைத் தாண்டி, சில நிமிடத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. விற்க முடியாத பொருளின் விலை ஏறுவதில் ஆச்சரியம் என்ன.

இன்னொன்று. முதல் மோசடித் தளத்தில் ‘கனெக்ட் வாலட்’ அழுத்தி அனுமதி கொடுத்திருக்கலாம். அந்த அனுமதி வரம்பில்லாததாக இருந்தால், அந்த வாலட்டில் நீங்கள் பின்னால் வைக்கும் யுஎஸ்டிடியையும் அவர்கள் எடுக்கலாம். பிஎஸ்சிஸ்கேனின் ‘டோக்கன் அப்ரூவல்’ பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு, அங்கேயே ரத்து செய்யுங்கள். கொஞ்சம் பிஎன்பி கட்டணம் ஆகும். 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடரை எங்காவது தட்டச்சு செய்திருந்தால் ரத்து செய்தும் பயனில்லை. புது வாலட் தொடங்கி மிச்சம் இருப்பதை அதற்கு மாற்றுங்கள். பழைய வாலட்டை அழித்துவிடாதீர்கள், அதன் முகவரி உங்கள் புகாரில் இருக்கிறது.