ஜெட்டை மாற்றச் சொல்வதற்கு முன்: மும்பை வீடுகளின் கேஸ் அடுப்புக் கேள்வி பதில்

கேள்வி அனுப்பும்போது சிலிண்டரா, பைப் கேஸா என்று தவறாமல் எழுதுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எழுதாதவர்களுக்கு இரண்டையும் மனதில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

முலுண்ட்: சார், சிலிண்டரை விட்டுட்டு பைப் கேஸுக்கு மாறினோம். அடுப்பு பழசுதான். தீ ரொம்பச் சின்னதா எரியுது, குக்கர் விசில் வர்றதுக்குள்ள பொறுமை போயிடுது. லைன்ல பிரஷர் கம்மியா?

லைனைச் சந்தேகப்படுவதற்கு முன் ஜெட்டைப் பாருங்கள், அதாவது பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் சின்னத் துளை உள்ள பித்தளைத் திருகை. சிலிண்டர் ரெகுலேட்டரிலிருந்து கேஸ் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது. பைப் கேஸ் அடுப்புக்கு வருவது சுமார் 21 மில்லிபாரில். அது மட்டுமல்ல, ஒரு கன மீட்டர் பைப் கேஸில் ஏறக்குறைய 9,000 கிலோ கலோரிதான் உண்டு. அதே அளவு சிலிண்டர் கேஸில் 25,000 வரை இருக்கும். ஆகவே சிலிண்டருக்கான சின்னத் துளை ஜெட்டில் பைப் கேஸை விட்டால் தீ சோனியாகத்தான் எரியும்.

எல்லா பர்னரும் மந்தமா, ஒன்று மட்டுமா என்று பாருங்கள். எல்லாமே மந்தம் என்றால் முதலில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் வால்வு. அதன் கைப்பிடி பைப்போடு ஒரே கோட்டில் இருந்தால்தான் முழுக்கத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சற்றுச் சாய்ந்திருந்தாலும் கேஸ் குறையும். வால்வு சரி என்றால், ஜெட் மாற்றாமலே இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பர்னர் மட்டும் மந்தம் என்றால் அந்த ஒரு ஜெட் விட்டுப்போயிருக்கும், அல்லது அடைப்பு.

பழைய ஜெட்டிலேயே ட்ரில் போட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்பார்கள் சிலர். ஒத்துக்கொள்ளாதீர்கள். துளை துளிக் கோணினாலும் கேஸ் நேராகப் பாயாமல் பர்னர் குழாயின் பக்கச் சுவரில் மோதும், தீ ஒரு பக்கமாகவே எரியும். உங்கள் அடுப்பு மாடலுக்கான பைப் கேஸ் ஜெட்டையே கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: மாற்றிய இந்த அடுப்பை அப்படியே ஊருக்குக் கொண்டுபோய் சிலிண்டரில் மாட்டிவிடாதீர்கள். ஆளுயரத் தீயும் கரியும்தான் மிஞ்சும்.

செம்பூர்: சிலிண்டர் கேஸ், மூணு பர்னர் அடுப்பு. தீ மஞ்சளா எரியுது, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. மெக்கானிக் வந்து பார்த்த உடனே ஜெட் மாத்தணும்கிறார்.

மஞ்சள் தீ என்றால் கேஸோடு போதுமான காற்று கலக்கவில்லை. ஜெட்டிலிருந்து கேஸ் பீய்ச்சி அடிக்கும்போது, பர்னர் குழாயின் வாய் வழியாகக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வழியில் எது குறுக்கே நின்றாலும் மஞ்சள்தான். பெரும்பாலும் ஜெட் குற்றவாளி அல்ல.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறியபின் பர்னரைத் தூக்கி எடுங்கள். குழாயின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பொங்கி வழிந்து காய்ந்த பால், சாதக் கஞ்சி, சிலந்தி வலை, சின்னக் கரப்பான் எல்லாம் இங்கேதான் குடியிருக்கும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டு இழுத்தால் வந்துவிடும். பித்தளை பர்னர் மூடியைச் சுடுநீரில் எலுமிச்சம்பழச் சாறோ புளியோ கரைத்து அரை மணி ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளை ஒவ்வொன்றாகக் குண்டூசியால் குத்திவிடுங்கள். அலுமினியக் கலவை பர்னராக இருந்தால் புளியும் வேண்டாம், சோடாவும் வேண்டாம், கறுத்து அரித்துப்போகும். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் தீ துள்ளித் துள்ளி எரியும்.

குண்டூசி பர்னர் துளைக்குத்தான், ஜெட்டுக்குக் கிடையாது. ஜெட் துளையில் ஊசியை விட்டால் பித்தளை தேய்ந்து துளை விரியும், கேஸ் கூடும், அப்புறம் நிஜமாகவே ஜெட் மாற்ற வேண்டி வரும். அதைக் கழற்றி ஊதினாலோ மெல்லிய நைலான் இழையை விட்டாலோ போதும்.

சுத்தம் செய்தும் மஞ்சள் போகவில்லையா? சில மாடல்களில் குழாய் வாயில் சுழலும் தகடு ஒன்று இருக்கும். அடுப்பு எரியும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, மஞ்சள் நுனி மறையும் இடத்தில் நிறுத்துங்கள். மேலும் திறந்தால் தீ பர்னரை விட்டு எழும்பி ‘உஸ்’ஸென்று சத்தம் போடும், அது காற்று கூடிவிட்டதற்கு அடையாளம். உப்புப் போட்ட தண்ணீர் வழிந்தபின் சற்று நேரம் ஆரஞ்சாக எரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது உப்பின் நிறம்.

டோம்பிவலி: அணைக்கும்போது ‘டப்’னு சத்தம் வருது. ஒரு தடவை பர்னருக்கு அடியிலயே தீ எரிஞ்சுது.

தீ பின்வாங்கி உள்ளே போகிறது. கேஸ் வெளியே வரும் வேகத்தைவிடத் தீ பரவும் வேகம் கூடினால் இப்படி ஆகும். மூடி சரியாக உட்காராதது, சூட்டில் வளைந்த மூடி, குத்திக் குத்திப் பெரிதான துளைகள், அளவுக்கு மீறிச் சிறிதாக்கிய சிம் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். அடியில் எரிந்தால் உடனே அணைத்து, ஆறவிட்டு, மூடியைப் பள்ளத்தில் ஆடாமல் உட்காரவைத்து மறுபடி பற்றவையுங்கள். திரும்பவும் அப்படியே என்றால் மூடியை மாற்றுங்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சயான்: மழைக்காலம் வந்தா ஆட்டோ இக்னிஷன் ஒண்ணு வேலையே செய்யாது, இல்லேன்னா ‘டிக் டிக்’னு நிக்காம அடிக்கும்.

ஈரம்தான். நிற்காமல் அடித்தால் நாபுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சில் தண்ணீர் புகுந்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடுவது என்றால் ப்ளக்கைப் பிடுங்கி, மெயின் கேஸை மூடி, நாபைக் கழற்றி ஃபேனடியில் ஒரு நாள் காயவிடுங்கள். பொறியே வரவில்லை என்றால் முதலில் பேட்டரி, பிறகு பர்னருக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளைப் பீங்கான் குச்சி. அது கீறல் விட்டிருந்தால் பொறி வேறு பக்கம் தாவும், மாற்றியே ஆகவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடுப்பின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை விட்டுவிட்டு, பிழிந்த துணியால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை வராது.

வாஷி: பில்ட்-இன் அடுப்பு. நாபை அழுத்திப் பிடிச்சா எரியுது, கையை எடுத்தா அணைஞ்சிடுது.

தீ அணைந்தால் கேஸைத் தானாக மூடும் பாதுகாப்பு அமைப்பு அது. பர்னர் ஓரத்தில் இருக்கும் உலோகக் குச்சி தீயில் சூடாகி மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அதுதான் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. பற்றியபின் பத்து விநாடி வரை அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் அணைந்தால் குச்சியின் நுனியில் பிசுக்கு படிந்திருக்கும், நைஸ் எமரி பேப்பரால் மெதுவாகத் தேயுங்கள். நுனி தீக்குள் இருக்கவேண்டும், தள்ளி நின்றால் சூடேறாது. இரண்டும் சரி என்றால் குச்சியை மாற்ற வேண்டியதுதான்.

மாதுங்கா: நாப் திருப்பவே முடியலை, கை வலிக்குது. மாமியார் தேங்காய் எண்ணெய் விடச் சொல்றாங்க.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எண்ணெய் கூடாது. உள்ளே ஒரு பித்தளைக் கூம்பு, கிரீஸ் பூச்சில்தான் கசியாமல் சுழல்கிறது. எண்ணெய் அந்த கிரீஸைக் கரைத்துவிடும், பிறகு சூட்டில் தானும் பிசினாகி இறுகும். கூம்பைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, கேஸ் வால்வுக்கென்றே விற்கும் சூடு தாங்கும் கிரீஸைத் துளையில் படாமல் மெல்லிசாகப் பூசவேண்டும். இதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. மாட்டியபின் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

தாராவி: அண்ணா, சிலிண்டர் பக்கத்துல லேசா வாடை. தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கலாமா?

கிழிக்கவே கூடாது தம்பி. அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடு. லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், சுவிட்சுப் பொறியே போதும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், அதனால் கதவை விரியத் திற. (பைப் கேஸ் காற்றைவிட லேசு, மேலே ஏறும், அதற்கு உயர ஜன்னல்.)

வாடை முழுக்கப் போனபின் கதவு திறந்தே இருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, அடுப்பு நாப் மூடியபடி, ரெகுலேட்டர் மூட்டிலும் டியூபின் இரு முனையிலும் சோப்பு நுரை தடவிப் பார். குமிழ் வரும் இடம்தான் கசிவு. டியூப் என்றால் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் வாங்கு. அதன் ஆயுள் 5 ஆண்டு, நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். சிலிண்டர் வாயிலிருந்தே கசிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் போயிருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, கயிற்றில் தொங்கும் வெள்ளை மூடியை ‘டக்’கென்று அழுத்தி மாட்டி, சிலிண்டரைத் திறந்த வெளியில் வைத்துவிட்டு 1906க்குப் போன் போடு. நாள் முழுக்க எடுப்பார்கள்.

அணுசக்தி நகர்: கண்ணாடி அடுப்பு. ரெண்டு பர்னரையும் மறைக்கிற பெரிய தோசைக்கல் போடலாமா?

வேண்டாம். சூடு கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் கண்ணாடி சில்லு சில்லாக நொறுங்கும். அத்தனை பெரிய கல்லுக்கு ஸ்டீல் அடுப்புதான் லாயக்கு.