பளிங்குச் சாயல்: கேள்வி பதில்

சலவைக்கல், மரம் போன்றவற்றின் சாயலை வண்ணத்தால் தீட்டுவது என் தொழில். வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மர ரேகை தீட்டப் பீர் வேண்டுமாமே?

பதில்: ஆம். சாயப்பொடியைப் பீரில் குழைத்துப் பூசுவது பழைய முறை. நீர் வற்றியதும் பீரிலுள்ள சர்க்கரையும் புரதமும் பொடியை லேசாகப் பிடித்துக்கொள்ளும். சரியாக வராவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். திருப்தியானதும் வார்னிஷ் அடிக்க வேண்டும். ஓக் மரத்தின் வெளிர் கீற்றுகளுக்கு எண்ணெய்ப் பூச்சு ஏற்றது. பூச்சு காயுமுன், பெருவிரலில் துணியைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாகத் துடைத்தெடுப்போம். ஆனால் ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: எந்த பிரஷ் வாங்கலாம்?

பதில்: கோடுகளை மென்மையாக்கப் பேட்ஜர் முடி பிரஷ் ஒன்று. மற்றவை பிறகு.

கேள்வி: இல்லாத கல்லைக் காட்டுவது ஏமாற்றுதானே?

பதில்: இதே கேள்வியைத் தன் கலையாகவே ஆக்கிக்கொண்டவர் ஸ்காட்லாந்து ஓவியர் லூசி மெக்கென்சி. பெயர் பெற்ற பிறகும், 2007இல் பிரஸ்ஸல்ஸில் உள்ள வான் டெர் கெலன் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1882இல் தொடங்கிய அந்தப் பள்ளி கற்றுத் தருவது கல்லும் மரமும் தீட்டும் கைவேலையை. ஒரு கல்லின் நரம்பு எங்கே தடிக்கிறது, எங்கே கலைகிறது என்று பார்த்துப் பழகிய கை பொய் சொல்வதாக நான் கருதவில்லை.

கேள்வி: ஏற்க முடியாது. மரத்துக்கு எந்த நிறமும் பூசலாம், மர நிறத்தைத் தவிர என்று கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் 1898இலேயே எழுதிவிட்டாரே?

பதில்: எழுதினார். அவரே பிராகில் கட்டிய முல்லர் இல்லத்தின் கூடத்தில் சிப்போலினோ சலவைக்கல்லைப் பதித்தார். அந்த வீடு கான்கிரீட். கல் அதன் மேல் போர்த்திய தோல். மெக்கென்சி 2013இல் அதே கூடத்தின் கல்லைக் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். லூஸ் விலக்கியதை லூஸின் கல்லைக் கொண்டே செய்தார். எது அசல் என்று அந்தக் கித்தான்களின் முன் நின்று கேட்டால், எனக்கு விடை முன்போல் எளிதாக வருவதில்லை.

கேள்வி: செட்டிநாட்டுச் சுவரும் இந்த வகையா?

பதில்: இல்லை. அது மெருகேற்றிய சுண்ணாம்பு. கொத்தனாரைக் கேளுங்கள்.

கேள்வி: அக்ரிலிக்கில் செய்யலாமா?

பதில்: சீக்கிரம் காய்ந்துவிடும். தாமதப்படுத்தும் திரவம் கலந்தால் முடியும்.

கேள்வி (லூஸைப் பற்றிக் கேட்டவர்): தீட்டிய தூணைக் கல் என்று சொல்லி விற்றால்?

பதில்: அது மோசடி. என் ரசீதில் ‘வண்ண வேலை’ என்றுதான் எழுதுகிறேன்.

கேள்வி: அக்ரிலிக் போதாதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். எண்ணெயில் செய்தவர்கள் முதலில் எழுந்து போய்த் துணிகளை நீரில் போட்டுவிட்டு வாருங்கள்.